மாஸ்டரின் ஜபப் பை

என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். தப்பு. மூக்கு வரை ஏறி வரும் பொறுமைகூட அந்தக் கோபத்துக்குக் கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். இப்படிப்பட்ட மனிதர் செய்யக்கூடாத தொழில் ஒன்று உண்டென்றால் அது கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவர் இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்கிறார்.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் வீட்டின் முன்னறையிலேயே நடக்கிறது. ஒரு மேசை, ஒரு போன், சாலைக் குறியீடுகள் அச்சிட்ட ஒரு படம், காத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங் இறங்கிய ஒரு சோபா. மேசைக்குப் பின்னால் நான். வாசலில் நிற்கும் வெள்ளைக் காரில் அவர். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் காலடியில் இன்னொரு பிரேக். இவர் வாய்க்கும் சேர்த்து ஒன்று வைக்க வேண்டும் என்று அதைப் பொருத்திய மெக்கானிக்குக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"கிளட்சை விடச் சொன்னேன், உயிரை விடச் சொல்லல!" "கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டியப் பாருங்க, உங்க மூஞ்சிய வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்!" தெருமுனையில் கார் திரும்பும்போதே இந்தச் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். நான் தண்ணீர் எடுத்து வைத்துவிடுவேன். கண் சிவந்து வந்து சோபாவில் விழுபவரிடம், "அவர் மனசு தங்கங்க" என்பேன். தங்கம்தான். தங்கமாகவே இருந்தாலும் தூக்கி மண்டையில் போட்டால் மண்டை உடையத்தான் செய்யும்.

ஊரார் மண்டை உடைந்த வரைக்கும் நான் தண்ணீரோடு சமாளித்துக்கொண்டேன். எங்கள் பெண்ணின் விஷயத்தில்தான் அது முடியவில்லை.

அவள் கால்நடை மருத்துவம் படித்தவள். மிரண்டு நிற்கும் மாட்டின் பின்னால் போய்த் தோள்வரை கையை விடுவாள், முகம்கூடச் சுளிக்க மாட்டாள். அவளுக்கு அப்பாவே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆனது. மறுபடி எடுத்தாள், மறுபடி ஆஃப். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் அவள் கூடப் படித்தவர்கள் நாலைந்து பேர். "எருமைகூடக் கத்துக்கும்டி! உனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல எதுவும் வராது!" என்று இவர் போட்ட சத்தத்தில் பஸ் டிரைவரே எட்டிப் பார்த்தாராம். அவள் கதவைத் திறந்து நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். அன்றோடு அப்பாவிடம் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, வீடு ஒன்றுதானே. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆனேன். "அம்மா, ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்பாள். ஃபேன் சுவிட்ச் அவர் தலைக்கு மேல்தான் இருக்கும். அவர் குறைத்துவிட்டு, "போதுமான்னு கேளு" என்பார். இரண்டு தெரு தள்ளி எங்களுக்குப் போட்டியாக இருக்கும் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். இவருக்கு அது பேசாததைவிடப் பெரிய அடி. அங்கே கற்றுக்கொண்டு இரண்டு தடவை டெஸ்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்தில் வண்டி பின்னால் உருண்டது, ஃபெயில்.

இந்த நிலையில் அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. பண்ணை பண்ணையாகக் காரில் போய் மாடுகளைப் பார்க்கும் வேலை. லைசென்ஸ் வேண்டும். நாலு மாதத்தில் சேர வேண்டும். எனக்கு லைசென்ஸைவிட வேறு கவலை. ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதே பேசாதவள், ஊர் விட்டு ஊர் போன பிறகு போன் போட்டா பேசப்போகிறாள்? பேசாமலே இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அது அப்படியே இறுகிவிடும் என்று பயந்தேன். அவருக்கும் அதே பயம். ஆனால் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அந்த மனிதருக்குத் தெரியாது. கத்தத்தான் தெரியும், இல்லாவிட்டால் தொண்டையைக் கனைக்கத் தெரியும். ஒரு மாதமாகக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

தொண்டைக்கு ஏதோ வந்துவிட்டது என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். மெஷினைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். மாத்திரை எழுதிவிட்டு, தியானம் ஏதாவது பழகுங்கள் என்றார்.

மெத்தைக் கடைக்கு மாடியில் ஒரு தியான வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு இடைவெளி விடுவார். நான் அவருக்கு மெதுவம்மா என்று பெயர் வைத்தேன். "மூச்சை... மெதுவாக..." என்று அவர் ஆரம்பித்தால், "உள்ள இழுக்கணும், அதானே? இழுத்தாச்சு, அடுத்தது?" என்பார் இவர். கண்ணை மூடி உட்காருவது இவருக்கு ஒத்துவராது என்று மெதுவம்மாவுக்கு முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. மரமணி மாலை ஒன்றும் ஒரு மந்திரமும் கொடுத்தார். ஒரு மணிக்கு ஒரு தடவை மந்திரம். கை மணியை உருட்டிக்கொண்டிருந்தால் மனசு ஓடாது என்றார்.

"எத்தனை சுத்து சுத்தினா கோபம் போகும்?" என்று இவர் கேட்டார்.

"எண்ணிக்கை... முக்கியமில்லை..."

"அப்ப எதுக்கு நூத்தியெட்டு மணி கோத்திருக்கீங்க? மொத்தமா ஒண்ணு போதுமே?"

மெதுவம்மா கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத்தானே கொஞ்சம் ஜபம் செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதிலும் சட்டதிட்டம் நிறைய. கட்டைவிரலாலும் நடுவிரலாலும்தான் மணியைத் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் மணியில் படக்கூடாது, அது அடுத்தவரைக் குற்றம் சொல்லும் விரலாம். இவருக்கு இருக்கும் பத்து விரலில் அதிகம் உழைத்த விரலே அதுதான். அதனால் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். மாலையும் கையும் பைக்குள் இருக்கும். பையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மாலையில் ஒரு பெரிய மணி உண்டு. அதைத் தாண்டிப் போகக்கூடாது, அங்கே வந்ததும் மாலையைத் திருப்பிப் பிடித்து வந்த வழியே போக வேண்டும். இவருக்கு மொத்தத்தில் பிடித்த விதி இது ஒன்றுதான். "யூ-டர்ன்" என்று சொல்லிக்கொண்டே திருப்புவார்.

மந்திரம் ரகசியம், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது என்றார் இவர். கால் நகம் வெட்டினால்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டும் மனிதர் என்னிடம் ஒன்றை மறைத்தது எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் மூன்றாம் நாளே தூக்கத்தில் அடுத்த வீடு வரை கேட்கும்படி மந்திரத்தைச் சொன்னார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அவரிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் வீட்டில் உட்கார்ந்து உருட்டினார். மணிகள் டாப் கியரில் பறந்தன. "மந்திரத்துக்கும் ஓவர் ஸ்பீடா?" என்று கேட்டேன். முறைத்தார், ஆனால் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கோபம் வரும் இடத்தில்தான் ஜபம் செய்ய வேண்டும் என்று மெதுவம்மா சொன்னாராம். மறுநாள் பையைக் காருக்கு எடுத்துப் போனார்.

அன்று தெருமுனையில் சத்தமே கேட்கவில்லை. விபத்துதான் போலிருக்கிறது என்று வாசலுக்கு ஓடினேன். கார் ஆடாமல் அசையாமல் வந்து நின்றது. ஓட்டி வந்து இறங்கியவர் கண்ணில் தண்ணீர் இல்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அதற்குப் பிறகு வரிசையாக எல்லாரும் பாஸ். ஒரு வருஷமாக இண்டிகேட்டர் போட மறந்த பாட்டு டீச்சர் பாஸ். ரிவர்ஸில் போகச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர் பாஸ். சோபாவில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? நான் அமைதியானேன், வண்டியும் அமைதியாயிடுச்சு. எல்லாம் அதிர்வுதான்" என்றார். எதிர்வீட்டுக்காரரை நிறுத்தி, அடக்கம் என்றால் என்ன என்று அரைமணி நேரம் பெருமையாக விளக்கினார்.

லைசென்ஸ் வாங்கியதைச் சொல்ல வந்த பல் டாக்டரிடம் நான் விசாரித்தேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர் முன்ன கத்துவார், திட்டுவார், அதோட முடிஞ்சுது. இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. விரலை நம்ம பக்கம் நீட்டிக்கிட்டு பைக்குள்ள மணியை எண்ணறார்மா. நம்ம பண்ற தப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி. முழுசா ஒரு சுத்து வந்துட்டா பெருமூச்சு விட்டு மாலையைத் திருப்புவார். திருப்பினா நீங்க ஃபெயில்னு அர்த்தம். பயத்துல நான் தூக்கத்துலகூடக் கண்ணாடி பாக்கறேன்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். சோபாவில் உட்கார்ந்து, "உங்களுக்கு இன்னைக்கு எத்தனை?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இவரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். உலகத்துக்கே சாந்தியைப் பரப்புவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கும் மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? விட்டுவிட்டேன். ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது.

பெண் மட்டும் மசியவில்லை. "அப்பா கத்தறதையே விட்டுட்டார்டி, கொஞ்சம் பேசேன்" என்றேன். "விடலம்மா. எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு வெச்சிருக்கார்" என்றாள்.

மூன்றாவது டெஸ்டுக்கு முந்தின நாள் போட்டி ஸ்கூல் கார் ரிப்பேராகி நின்றுவிட்டது. ஏற்றத்தில் ஒரு தடவையாவது பழகாமல் போனால் மூன்றாவது ஃபெயிலும் உறுதி. அவள் வாசலில் நின்ற எங்கள் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பின் சீட்டில் வர வேண்டும், அவர் தன்னிடம் பேசக்கூடாது, இந்த இரண்டு நிபந்தனையோடு சம்மதித்தாள். இவரிடம் சொன்னேன். "சரின்னு சொல்லு" என்றார். போய் முகம் கழுவிக்கொண்டு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். பையைக் கையில் மாட்டிக்கொண்டார்.

கார் கிளம்பியது. அவள் ஓட்டினாள், இவர் பக்கத்தில், நான் பின்னால். முதல் திருப்பத்திலேயே பை குலுங்க ஆரம்பித்தது. இரண்டாவது திருப்பத்தில் பைக்குள் எலி ஓடுவதுபோல் இருந்தது. அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"அம்மா, எண்ணறதை நிறுத்தச் சொல்லு."

"எண்ணறதை நிறுத்துவீங்களாம்" என்றேன் நான்.

"நான் எங்க எண்ணறேன்? ஜபம் பண்றேன்னு சொல்லு."

"ஊரே சொல்லுதாம்மா. தப்புக்கு ஒரு மணி. எனக்கு இதுவரைக்கும் எத்தனைன்னு கேளு."

"எத்தனைன்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"தப்புக்கு ஒரு மணியா? யார் சொன்னா?"

"எல்லாரும்தாங்க" என்றேன்.

"பல் டாக்டருமா?"

"அவர்தான் முதல்ல சொன்னார்."

அவர் முகம் விழுந்ததே, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை நாள் தன் சாந்தி என்று நினைத்தது அத்தனையும் மற்றவர்கள் பயம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? பிறகு பையிலிருந்து கையை உருவி, பையை என்னிடம் நீட்டினார்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லு. நான் அவ தப்பை எண்ணல. அவ பக்கத்துல உக்காந்தா எனக்குப் பயமா இருக்கு. அவ எங்கயாவது மோதிடுவாளோன்னு இல்ல. நான் மறுபடி கத்திடுவேனோன்னுதான். அதுக்குத்தான் வாயை இதுல கட்டி வெச்சிருந்தேன்னு சொல்லு."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, காரை எடுத்தாள்.

ஏற்றம் வந்தது. அது ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம், எப்போதும் நெரிசல். பாதி ஏறும்போது முன்னால் போன லாரி நின்றது. அவளும் நிறுத்தினாள். லாரி நகர்ந்ததும் கிளட்சை விட்டாள், வண்டி உதறிக்கொண்டு ஆஃப் ஆனது. பின்னால் சரியப் பார்த்தது, இவர் தன் காலடி பிரேக்கை மிதித்தார். மறுபடி எடுத்தாள், மறுபடி ஆஃப். பின்னாலிருந்து ஹாரன்கள் ஆரம்பித்தன. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை வெளுத்துவிட்டது. "எனக்கு வராதும்மா" என்றாள். அழுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

இவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கதவைத் திறந்தார், இறங்கினார்.

நடந்து போய்க் காருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் விரித்தார். இத்தனை மாதம் அடைத்து வைத்த அத்தனையும் அப்போது வெளியே வந்தது.

"ஹாரன் அடிச்சா வண்டி ஏறுமா? ஏறும்னா சொல்லுங்கய்யா, நானும் வந்து அடிக்கறேன்! நீங்கல்லாம் பொறக்கும்போதே ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டா பொறந்தீங்க? ஏய், பச்சைச் சட்டை, கையை எடு ஹாரன்லேர்ந்து! ஓட்டறது என் பொண்ணு! அவ எடுக்கற வரைக்கும் இங்க ஒருத்தர் மூச்சு விடக்கூடாது!"

பாலத்தில் ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. திரும்பிப் பார்க்காமலே இன்னும் உரக்கக் கத்தினார்.

"அவசரமே இல்லம்மா! மெதுவா எடு! நான் இங்கதான் நிக்கறேன்!"

நிற்கும் இடத்தைப் பாருங்கள். கார் சரிந்தால் முதலில் இவர்தான். பக்கத்து சீட்டில் பிரேக் மிதிக்க ஆள் கிடையாது. சாலை ஓரத்தில் டயர் மாற்றும்போதுகூடச் சக்கரத்துக்கு இரண்டு கல் வைக்காமல் வண்டிக்குப் பின்னால் போகாத மனிதர். "யோவ், வந்து தொலைங்க!" என்று நான் கத்தினேன். இருபத்தைந்து வருஷ மரியாதை அந்த ஒரு வினாடியில் போனது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெண் கண்ணாடியில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையில் பை இருந்தது. மாலையை வெளியே இழுத்து, ஆள்காட்டி விரல் உட்பட எல்லா விரலாலும் உருட்டினேன். அந்த ரகசிய மந்திரத்தை வாய்விட்டுச் சொன்னேன். நான் கிண்டல் செய்த சமாச்சாரம்தான். அப்போது அதை விட்டால் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள், எஞ்சின் குரல் மாறியது. காரின் முன்பக்கம் லேசாக எழும்பியது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஒரு விரல் அகலம்கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறியது.

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இண்டிகேட்டரை அணைத்தாள். பின்னால் வந்த வண்டிகள் கடந்து போயின. பச்சைச் சட்டைக்காரர் முறைத்துக்கொண்டே போனார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூச்சு வாங்க, சட்டையெல்லாம் வியர்வையோடு, இவர் ஏறி வந்தார். வந்து முன்கதவில் கை வைத்தார்.

"அங்க வேண்டாம்" என்றாள் பெண். "பின்னாடி அம்மாகூட உக்காருங்க."

"பின்னாடி உக்காருவீங்களாம்" என்று பழக்கதோஷத்தில் நான் ஆரம்பித்தேன்.

"எனக்குக் காது கேக்குது" என்றார் அவர். சட்டப்படி அவர் முன்னால்தான் உட்கார வேண்டும். சட்டத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் சொந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பியது. எதிரில் ஒரு வளைவு, அதில் ஒரு பஸ் திரும்பி வந்தது. பக்கத்தில் இவர் உடம்பு விறைத்தது.

"அப்பா" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலை எடுங்க. அங்க பிரேக் இல்ல."

"எடுத்துட்டேம்மா" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு காலாலும் முன் சீட்டின் அடியை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.